பகடையில் நான்கு, வாயில் பதினேழு

கேள்வி:

எனக்கு வயது 27. வேளச்சேரியில் இருக்கிறேன். ஒன்றரை வருஷமாக என்னையும் சேர்த்து ஆறு பேர் சனிக்கிழமை சாயங்காலம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஆளுக்கொரு கற்பனைக் கேரக்டராகி, பகடை உருட்டிச் சேர்ந்து கதை சொல்கிற விளையாட்டு அது. நான்தான் டி.எம்., அதாவது கதையை நடத்துகிறவள். விளையாடுவது மடிப்பாக்கத்தில், எங்கள் பழைய ஆபீஸ் சீனியர் ஒருவர் வீட்டில். அவருக்கு 39 வயது, எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். இந்த விளையாட்டை எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஒன்பது மணி ஆனால் அவர் அம்மா எங்கள் எல்லோருக்கும் அடை வார்த்துப் போடுவார்.

அண்ணாவின் கேரக்டர் ஒரு ரோக், அதாவது பதுங்கித் தாக்குகிற கில்லாடி, வில் வைத்திருப்பவன், இப்போது ஐந்தாவது லெவல். சில மாதமாக அவர் குறி தப்புவதே இல்லை. பகடையை மடிக்குப் பக்கத்திலேயே உருட்டி, எண்ணைச் சொல்லிக்கொண்டே கையில் எடுத்துவிடுகிறார். குழுவில் சின்னவள், இந்த வருஷம்தான் காலேஜ் முடித்தவள், முதலில் கவனித்தாள். ஸ்டேஷனில் இறக்கிவிடும்போது தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னாள். போன சனிக்கிழமை நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பாலத்துச் சண்டை. பகடையில் நான்கு. அண்ணா, 'பதினேழு, கூட ஏழு, இருபத்துநாலு' என்றார். அம்பு பட்டது என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன்.

மற்ற மூன்று பையன்களும் அண்ணா இல்லாமல் ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்திருக்கிறார்கள். அதில் அவர் பெயர் சகுனி. ஒருவன், அவர் கேரக்டரை ஒரே அடியில் கொன்றுவிடு என்கிறான். இன்னொருவன், வீடியோ எடுத்துக் காட்டலாம் என்கிறான். அண்ணாவுக்குப் போன வருஷம் வேலை போய், இப்போதுதான் வேறு வேலை கிடைத்திருக்கிறது. எனக்குப் பாவமாகவும் இருக்கிறது. அவர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அவரிடமே போய் இதைச் சொல்வதா? அதோடு, என் பகடையையும் குறிப்புகளையும் மறைக்க டி.எம். முன்னால் வைக்கிற திரைக்குப் பின்னால் நானும் சில சமயம் எண்ணை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கேட்க உரிமை இருக்கிறதா? வர சனிக்கிழமை ஆட்டத்தை ரத்து செய்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

– வேளச்சேரி வாசகி

பதில்:

வணக்கம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அண்ணாவிடம் பேசுங்கள். நேரில், நீங்கள் மட்டும், அடுத்த ஆட்டத்துக்கு முன்பே.

பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடலாம் என்ற கட்டம் அந்த வாட்ஸ்அப் குரூப் தொடங்கிய அன்றே முடிந்துவிட்டது. ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் ஐந்து பேர் வாரம் முழுக்கப் பேசுவதும், சனிக்கிழமை ஆனால் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவதும் ரொம்ப நாள் ஓடாது. யாராவது வாய் தவறிச் சொல்லிவிடுவார்கள், இல்லாவிட்டால் யாராவது தப்பான குரூப்பில் மெசேஜ் போட்டுவிடுவார்கள். அப்படி அவருக்குத் தெரியவந்தால், பகடையில் பொய் சொன்னது சின்ன விஷயமாகிவிடும். இத்தனை நாள் எல்லோருமாகச் சேர்ந்து தன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதுதான் அவர் மனசில் நிற்கும். அந்தக் காயம் ஆறாது.

நான் மனநல ஆலோசகர், இந்த விளையாட்டை ஆடுகிறவர்களில் ஒருவனும்கூட. அதனால் பேசப் போகுமுன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் இதில் தப்பாகப் புரிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது. இருபது முகப் பகடையில் விழுந்த எண்ணோடு கேரக்டரின் திறமைக்கான எண்ணையும் கூட்டித்தான் சொல்கிறோம். ஐந்தாம் லெவல் ரோக் ஒருவன் ஒளிந்து நகரும்போது 10 வரை கூட்டிக்கொள்ள முடியும். கிளெரிக், அதாவது மந்திரத்தால் காயம் ஆற்றுகிற பூசாரி கேரக்டர், அவனுக்கு 'கைடன்ஸ்' என்ற உதவி மந்திரம் போட்டிருந்தால் அதன்மேல் இன்னொரு நான்கு முகப் பகடையும் சேரும். பகடையில் நான்கு விழுந்து, ஆள் 'பதினேழு' என்று சொன்னால் அது நேர்மையான கணக்காகவே இருக்கலாம்: 4, 10, 3. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் அது பொய்யாகத் தெரியும்.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அப்படி இல்லை. 'பதினேழு, கூட ஏழு' என்று அவரே பிரித்துச் சொல்லியிருக்கிறார். வில்லுக்கு ஏழு என்பது அந்த லெவலில் சரிதான். டெக்ஸ்டரிட்டி, அதாவது கேரக்டரின் சுறுசுறுப்பு, 18 என்றால் அதற்கு 4, லெவலுக்கான பயிற்சிக்கு 3. ஆக, பதினேழு என்று அவர் சொன்னது பகடையில் விழுந்த எண்ணைத்தான்.

கண் தவறியிருக்குமா என்றும் யோசித்தேன். மங்கலான விளக்கில், எண்கள் தேய்ந்த பகடையில், பக்கத்து முகத்தைப் படித்துவிடுவது சகஜம். நாற்பதை நெருங்கும் கண்ணுக்கு இன்னும் சகஜம். ஆனால் உங்கள் கையில் இருக்கும் பகடை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வழக்கமான இருபது முகப் பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் எப்போதும் 21 வரும். 20-க்கு எதிரே 1, 15-க்கு எதிரே 6. நான்கு மேலே இருக்கும்போது பதினேழு நேர் அடியில், மேசையைத் தொட்டுக்கொண்டு இருக்கும். அந்த நேரத்தில் அது யார் கண்ணுக்கும் தெரியாத ஒரே முகம். எனவே நீங்கள் பார்த்தது சரி என்று எடுத்துக்கொண்டே மேலே பேசுகிறேன்.

அதே சமயம், 'குறி தப்புவதே இல்லை' என்ற உங்கள் எண்ணத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிரியின் கவசம் 15 என்று வையுங்கள், அதாவது கூட்டுத்தொகை 15-ஆவது வந்தால்தான் அம்பு படும். ஏழு கூட்டிக்கொள்ளும் ஒருவருக்கு எட்டு விழுந்தாலே அம்பு படும், அதாவது 65 சதவீத வாய்ப்பு. ரோக் பெரும்பாலும் ஒளிந்திருந்து எய்வான். அப்போது அட்வான்டேஜ், இரண்டு பகடையை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு கிட்டத்தட்ட 88 சதவீதம் ஆகிவிடும். ஒரு பொய்யும் சொல்லாத ரோக்கே எட்டு அம்புக்கு ஏழு அம்பு அடிப்பான்! நேச்சுரல் ட்வென்டி, அதாவது பகடையிலேயே இருபது விழுவது, அதன் கணக்கும் இப்படித்தான். ஒருவர் ஒரு ராத்திரியில் 40 தடவை உருட்டினால் சராசரியாக இரண்டு இருபது விழும். ஐந்தோ அதற்கு மேலோ விழவும் ஏறக்குறைய 5 சதவீத வாய்ப்பு உண்டு. ஐந்து பேர் அத்தனை தடவை உருட்டும் மேசையில், நாலைந்து செஷனுக்கு ஒருமுறை யாராவது ஒருவருக்கு அப்படி ஒரு ராத்திரி அமைந்துவிடும். அன்றைக்கு அவரைச் சந்தேகப்பட்டால் அது அநியாயம். ஆகவே அண்ணாவிடம் அவர் அதிர்ஷ்டத்தைப் பற்றியோ, இத்தனை மாதக் கதையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசாதீர்கள். கண்ணால் பார்த்த அந்த ஒரு தடவை போதும்.

இந்தக் கணக்கில் எனக்கு வருத்தம் தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. அவருக்குப் பொய் தேவையே இல்லை. அவர் கேரக்டர் ஏற்கெனவே கெட்டிக்காரன். எட்டில் ஒரு தடவை தப்புவதைக்கூட அவரால் ஏன் தாங்க முடியவில்லை என்பதுதான் கேள்வி. இந்த விளையாட்டை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். வயதில் மூத்தவர். தன்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் முன்னால் 'நாலு' என்று சொல்லி அசடு வழிய அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். வேலை போன காலத்தில், வாரத்தில் ஓர் இடத்திலாவது தோற்காமல் இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். இரண்டுமே இல்லாமல், முதல் தடவை யாரும் கேட்கவில்லை என்பதால் பழகிப்போனதாகவும் இருக்கலாம். இது என் ஊகம்தான், அவரைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்வது முறையில்லை. நீங்களும் ஊகிக்க வேண்டாம். முக்கியமாக, வேலை போன விஷயத்தை அந்தப் பேச்சில் எடுக்கவே கூடாது. 'உங்க கஷ்டம் புரியுதுண்ணா' என்று ஆரம்பித்தால், பகடையைப் பற்றிப் பேச வந்தவள் தன் வாழ்க்கையையே எடைபோடுகிறாள் என்று அவருக்குத் தோன்றும்.

சரி, யாருமே ஜெயிக்காத ஒரு விளையாட்டில் ஒருவர் போங்கு ஆடினால் யாருக்கு என்ன நஷ்டம்? உங்கள் கடிதத்தில் இந்தக் கேள்வி இல்லை, ஆனால் நீங்கள் பேசும்போது அண்ணா கேட்கலாம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோதே, இதில் ஆட்டக்காரர்களில் ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்பது என்ற ஏற்பாடு கிடையாது. நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் மேசையில் கிளெரிக் ஆடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நின்று சண்டை போடும் ஃபைட்டர் மூன்று ஹிட் பாயின்டில், அதாவது மிச்சமிருக்கும் மூன்றே உயிர்ப் புள்ளியில், தள்ளாடுகிறான். கிளெரிக்கிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஸ்பெல் ஸ்லாட், இன்னும் ஒரு மந்திரத்துக்கான வாய்ப்பு. அதை நண்பனின் காயத்துக்குச் செலவழிப்பதா, எதிரே நிற்கும் ஓகர் என்ற ராட்சதன் மேல் வீசுவதா? ஷீட்டைப் பார்க்கிறாள், ஃபைட்டரைப் பார்க்கிறாள், பென்சிலைக் கடிக்கிறாள். இந்த அரை நிமிஷத்துக்காகத்தான் மனிதர்கள் அம்பத்தூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் சனிக்கிழமை டிராஃபிக்கில் கிளம்பி வருகிறார்கள். அதற்குள் பக்கத்திலிருந்து 'இருபத்துநாலு' என்று குரல் வந்து ஓகர் சாய்ந்துவிட்டால், அவள் யோசித்ததெல்லாம் வீண். ஒரு தடவை என்றால் எல்லோரும் கைதட்டுவார்கள். வாராவாரம் நடந்தால் அவள் யோசிப்பதை நிறுத்திவிடுவாள். அடுத்து மொபைல் கைக்கு வந்துவிடும்.

இன்னொரு நஷ்டம் உங்கள் வழியாக நடக்கிறது. அண்ணாவின் அம்பு தப்பாததால் சண்டை சீக்கிரம் முடிகிறது என்று எதிரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்படுத்தியிருப்பீர்கள். எந்த டி.எம்.-உம் செய்வதுதான். ஆனால் பலப்பட்ட எதிரியின் அடி யார் மேல் விழும்? விழுந்த எண்ணை அப்படியே சொல்கிறவர்கள் மேல்தான். உங்கள் ஃபைட்டர் அடிக்கடி மூன்று ஹிட் பாயின்டுக்கு வந்து நிற்கிறான் என்றால், இதுவும் ஒரு காரணமா என்று உங்கள் குறிப்புகளைப் புரட்டிப் பாருங்கள்.

நண்பர்கள் சொல்லும் யோசனைகளுக்கு வருகிறேன். கேரக்டரை ஒரே அடியில் கொல்வது வேண்டாம். மேசைக்கு வெளியே பேச வேண்டிய விஷயத்துக்குக் கதைக்குள் தண்டனை கொடுத்தால், எதற்குத் தண்டனை என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருந்துவிடலாம். நீங்கள் டி.எம். என்ற அதிகாரத்தைத் தப்பாகப் பயன்படுத்தினீர்கள் என்பது மட்டும் மிஞ்சும். வீடியோ வேண்டவே வேண்டாம். அவர் வீட்டில், அவர் அம்மா நடமாடும் கூடத்தில், அவருக்குத் தெரியாமல் படம் பிடிப்பது அவர் செய்ததைவிடப் பெரிய தப்பு. சகுனி என்ற பெயரையும் இன்றே விடச் சொல்லுங்கள். சகுனி உருட்டியது ஒரு நாட்டையே பறிப்பதற்கு. உங்கள் அண்ணா சொன்ன பொய், கற்பனையான ஓர் அம்பு தப்பாமல் இருப்பதற்கு. பட்டப்பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டால், ஆள் மாறின பிறகும் உதிராது.

அதனால் வேலை இந்த வரிசையில் நடக்கட்டும். முதலில் அந்த மூன்று பேரிடம், 'அண்ணாகிட்ட நான் பேசறேன், இந்த குரூப்பை மூடிடலாம்' என்று சொல்லுங்கள். அவர்கள் மூடாவிட்டால் நீங்கள் வெளியே வாருங்கள். அதில் இருந்துகொண்டே அவரிடம் போய் அக்கறையாகப் பேசுவது சரிப்படாது. அப்புறம் அண்ணாவைப் பாருங்கள்.

திரைக்குப் பின்னால் நீங்கள் செய்ததைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதை எழுதியது நல்ல காரியம். 2014-ல் வந்த டி.எம். கையேட்டிலேயே, திரைக்குப் பின்னால் உருட்டினால் தேவைப்படும்போது முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை இருக்கிறது. எனவே நீங்கள் விதியை மீறவில்லை. இரண்டும் ஒன்று இல்லை: முதல் ராத்திரியிலேயே யாரும் செத்துவிடக் கூடாது என்பது போன்ற காரணத்துக்காக நீங்கள் மாற்றியிருப்பீர்கள், அவர் தன் கேரக்டருக்காக மாற்றினார். ஆனாலும், 'நீ மட்டும் மாத்தலாமா?' என்று அவர் கேட்டால் கையேட்டைக் காட்டி ஜெயிக்க முடியாது. என் யோசனை, திரையை எடுத்துவிடுங்கள். குறிப்புகளை மறைக்க வைத்துக்கொள்ளலாம், பகடை மட்டும் எல்லோர் கண் முன்னாலும் விழட்டும். சண்டை கை மீறிப் போகிறது என்றால் எதிரிகளின் நடத்தையை மாற்றுங்கள். பாதி அடிபட்ட ஓர்க் ஓடிப்போகலாம். விழுந்தவனைக் கொல்லாமல் சிறைபிடிக்கலாம். வர வேண்டிய துணைப்படை வராமலே போகலாம். இவை முழுக்க உங்கள் கையில் இருப்பவை, இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

பேசும் இடம் அவர் வீடு வேண்டாம். அவர் அம்மா காதில் விழும் வாய்ப்பே இருக்கக் கூடாது. மெசேஜிலும் வேண்டாம், அது ஸ்கிரீன்ஷாட் ஆகும். சாயங்காலம் டீக்கடையில் நின்று பேசுகிற பேச்சு போதும். சுற்றி வளைக்காமல் இப்படிச் சொல்லலாம்:

'அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு நேரா சொல்லணும். போன சனிக்கிழமை அந்தப் பாலத்துச் சண்டையில பகடையில நாலு இருந்துச்சு. நீங்க பதினேழுன்னு சொன்னீங்க. நான் பார்த்தேன். அப்பவே கேக்காம விட்டுட்டேன், மனசு கேக்கல. அதான் வந்தேன்.'

இதற்கு மேல் ஒரு வாக்கியமும் வேண்டாம். 'ஏன் அப்படிச் செஞ்சீங்க?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு யாருக்கும் சட்டென்று உண்மையான பதில் வராது, சாக்குதான் வரும். 'எல்லாரும் சொல்றாங்க' என்பதை நாக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஏமாற்று, சீட்டிங் போன்ற வார்த்தைகளும் வேண்டாம். பார்த்ததைச் சொன்னாலே அவருக்குப் புரியும். சின்னவள் பெயர் எந்தக் காரணம் கொண்டும் வரக் கூடாது. நல்ல வேளையாக நீங்களே பார்த்துவிட்டீர்கள், அதனால் 'யார் சொன்னது?' என்று கேட்டால், நான் பார்த்தேன் என்று உண்மையாகவே சொல்லலாம்.

பிறகு அவர் பேசட்டும். ஒப்புக்கொண்டு தலை குனிந்தால், அங்கேயே முடித்துவிடுங்கள். 'சரிண்ணா, இனிமே எல்லாரும் நடுவுல தட்டு வெச்சு உருட்டலாம்னு இருக்கேன், நானும்தான்' என்று சொல்லி அடுத்த வாரக் கதையைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள். மன்னிப்புக் கேட்கவைக்க வேண்டாம். மற்றவர்கள் முன்னால் அறிவிக்கவும் வேண்டாம். இதுவரை கிடைத்த லெவலையோ பொருளையோ திருப்பிப் பிடுங்கவும் வேண்டாம். எது நிஜமாக விழுந்தது, எது விழவில்லை என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

சிரித்து மழுப்பினால், 'கதைக்கு ஒரு கிக் வேணும்ல' என்று சொன்னால், நீங்கள் சேர்ந்து சிரித்துவிடாதீர்கள். பெரியவர் சிரிக்கும்போது கூடச் சிரிப்பது நம் பழக்கம், அன்றைக்கு மட்டும் அது வேண்டாம். 'எனக்கு அது சங்கடமா இருக்குண்ணா. மத்தவங்க உருட்டறதுக்கு அர்த்தம் இல்லாம போயிடுது' என்று சொல்லுங்கள்.

ஒரேயடியாக மறுத்தால் வாதாடாதீர்கள். எதிர்முகம் 21 என்ற கணக்கையெல்லாம் அவரிடம் எடுத்துவிட வேண்டாம், அது உங்கள் மனத்தெளிவுக்குச் சொன்னது. 'சரிண்ணா, நான் பார்த்ததைச் சொன்னேன். இனிமே நடுவுல உருட்டலாம்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் மறுத்தாலும் அடுத்த வாரம் சரியாக ஆடினால் நமக்கு வேண்டியது நடந்துவிட்டது. ஒப்புதல் வாக்குமூலம் தேவையில்லை. கோபப்பட்டு, 'என் வீட்டுக்கு வர வேண்டாம்' என்று சொல்லவும் கூடும். அதற்குத் தயாராகப் போங்கள். வேறு யார் வீட்டிலாவது கூடம் கிடைக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் சில வாரம் ரோல்20-யில் ஆன்லைனாக ஆடலாம், அதில் விழும் எண் எல்லோர் திரையிலும் தெரியும். இடம் போய்விடும் என்ற பயத்தோடு போனால் பாதிப் பேச்சிலேயே பின்வாங்கிவிடுவீர்கள்.

பேசாமலே நேராகத் தட்டு விதியைக் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றும். புதிதாகச் சேர்ந்த குழு என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் மேசையில் ஐந்து பேருக்கும் விஷயம் தெரியும். விதியைச் சொல்லும்போது பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அண்ணாவுக்கு அந்தப் பார்வை ஒன்றே போதும். முன்பே தனியாகப் பேசியிருந்தால், அன்றைக்கு அவர்தான் முதலில் தட்டை எடுத்து நடுவில் வைக்கக்கூடும்.

விதி சுலபமாக இருக்கட்டும். தாயம் ஆடும்போது கட்டையை நடுக் கூடத்தில் உருட்டி, விழுந்ததை எல்லோரும் பார்த்த பிறகுதானே காயை நகர்த்துகிறோம்? அதேதான் இங்கும். உயரமான விளிம்புள்ள ஒரு தட்டு, டி.எம். கேட்ட பிறகே உருட்டுவது, எண்ணைச் சொல்லும்வரை பகடையைத் தொடாதது, கீழே விழுந்தாலோ சாய்ந்து நின்றாலோ மறுபடி உருட்டுவது. 'முன்னாடியே உருட்டி வெச்சிட்டேன்' என்பது இனி யாருக்கும் செல்லாது. பகடைகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மேஜிக் தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டின் பெட்டிகளோடு வரும் இருபது முகப் பகடையில் 20, 19, 18 என்று எண்கள் அடுத்தடுத்த முகங்களில் இறங்கிவரும். உயிர்ப் புள்ளியை ஒவ்வொன்றாகக் குறைப்பதற்காகச் செய்தது அது. பெரிய எண்கள் ஒரே பக்கம் குவிந்திருப்பதால், சுழலவிடாமல் நழுவவிட்டால் அந்தப் பக்கத்தையே மேலே வரவைக்கப் பார்க்கலாம். பலர் அது தெரியாமலே வைத்திருப்பார்கள். அதை எண்ணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதோடு, தோற்பதைக் கொஞ்சம் சுவாரசியமாக்கவும் உங்களால் முடியும். இது அண்ணாவுக்கு மட்டும் இல்லை, பென்சிலைக் கடிக்கும் கிளெரிக்குக்கும் நல்லது. குறி தப்பினால் 'படல, அடுத்தவர்' என்று கடந்துபோகாதீர்கள். அம்பு ஓகரின் காதை உரசிக்கொண்டு போய்க் கோயில் மணியில் பட்டு, உள்ளே தூங்குகிறவர்கள் எழுந்துகொள்ளட்டும். பூட்டைத் திறக்க உருட்டி இரண்டு விழுந்தால், பூட்டு திறக்கட்டும், ஆனால் கம்பி உடைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளட்டும். டன்ஜன் வேர்ல்ட் என்ற விளையாட்டில் இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்டித் திறமைக்கான எண்ணையும் கூட்டுவார்கள், கூட்டுத்தொகை ஆறோ அதற்குக் கீழோ வந்தால் ஆட்டக்காரருக்கு ஓர் அனுபவப் புள்ளி. தோற்றவனும் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறான். அதை நீங்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம். இன்ஸ்பிரேஷனைத் தாராளமாகக் கொடுங்கள். 2024 விதிகளின்படி அதை வைத்து உருட்டின பகடையை உடனே மறுபடி உருட்டலாம். நான்கு விழுந்தவருக்கு நேர்மையாக இன்னொரு வாய்ப்பு கையில் இருந்தால், பொய் சொல்லத் தோன்றுவது குறையும்.

இத்தனைக்குப் பிறகும் மறுபடி நடந்தால்? இன்னொரு தடவை, அதே மாதிரி தனியாகச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை நடந்தால், 'அண்ணா, இந்தக் கேம்பெயின்ல நீங்க வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கேன்' என்று நீங்களே சொல்ல வேண்டும். ஓட்டெடுப்பு வேண்டாம், ஐந்து பேர் கைதூக்கி ஒருவரை வெளியேற்றுவது கொடுமை. நடத்துகிறவர் நீங்கள், முடிவும் உங்களுடையதாக இருக்கட்டும். அப்படி ஒரு நிலை வந்தால் ஆட்டத்தை அவர் வீட்டிலிருந்து அன்றே மாற்றிவிடுங்கள். அவரில்லாத ஆட்டத்துக்கு அவர் கூடத்தைக் கேட்கக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு இருக்கும் உறுத்தல் எனக்குப் புரிகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நன்றி இருப்பதால்தான் நேரில் போய், தனியாக, மரியாதையாகச் சொல்லப்போகிறீர்கள். அம்மாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அண்ணாவோடு என்ன ஆனாலும் பொங்கலுக்கு அம்மாவைப் போய்ப் பாருங்கள்.

சின்னவளை மறந்துவிடாதீர்கள். மூத்தவர் ஒருவரைப் பற்றி முதலில் வாயைத் திறந்தது அவள்தான், அதற்கு எவ்வளவு தயங்கியிருப்பாள் என்று யோசியுங்கள். அண்ணாவிடம் பேசி முடித்த அன்றைக்கே அவளுக்கு ஒரு போன் போட்டு, 'பேசிட்டேன், உன் பேர் வரல, நீ சொன்னது நல்லதாப் போச்சு' என்று சொல்லிவிடுங்கள். என்ன பேசினீர்கள், அவர் என்ன சொன்னார் என்ற விவரம் அவளுக்கும் வேண்டாம், பையன்களுக்கும் வேண்டாம்.

சனிக்கிழமை ஆட்டத்தை ரத்து செய்யாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவரைப் பார்க்க முடியாமல் போனால் மட்டும் ஒரு வாரம் தள்ளிவையுங்கள். காரணம் கேட்கிறவர்களிடம் உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லாமல், இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லுங்கள். கிடைக்கிற நேரத்தில் பாத்திரக் கடைக்குப் போய் விளிம்பு உயரமான தட்டு ஒன்று வாங்கி, சத்தம் வராமல் இருக்க அடியில் ஒரு துணியை ஒட்டிவிடுங்கள்.